ஏட்டில் நெய்தல், முற்றத்தில் கிளிஞ்சல்

இலக்கியம் கற்பிக்கும் தமிழாசிரியருள் ஐந்திணை பற்றிப் பேசாதார் இலர். நெய்தலுக்கு நிலம் கடலும் கடல்சார்ந்த இடமும், சிறுபொழுது எற்பாடு, தெய்வம் வருணன், மரம் புன்னையும் ஞாழலும், பூ நெய்தலும் தாழையும் எனக் கரும்பலகையில் எழுதப்படுகிறது. மாணவர் ஒப்பிக்கின்றனர். தேர்வுத்தாளில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவ்வாறு பிழையின்றி எழுதிய மாணவன் ஒருவன், பட்டர்வொர்த்திலோ போர்ட்டிக்சனிலோ பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில் ஒரு புன்னை மரத்தின் நிழலைக் கடந்து செல்கிறான். அம்மரம் யாது என வினவினால் விழிக்கிறான். வினவத் தக்க ஆசிரியரே அதனை அறியார் என்பது இன்னும் வருந்தத்தக்கது.

இவ்வறியாமை ஏட்டுக் கல்வியின் குறை மட்டுமன்று. அது முற்றத்தில் வந்து முளைக்கிறது. கடலோரத்தில் வீடு வாங்கும் வாய்ப்புப் பெற்ற தமிழர் முதலில் செய்வது யாது? மனையில் இயல்பாகப் படர்ந்திருக்கும் கொடிகளையும் புதர்களையும் ஆள் வைத்து அழிக்கின்றனர். பிறகு லாரியில் புல் வருகிறது. புல்லின் ஓரத்தில் வெட்சிச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. தொட்டிகளில் ரோஜா. எஞ்சிய வெற்றிடம் எல்லாம் வெண்கிளிஞ்சல் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பப்படுகிறது. விருந்தினர் வந்து பார்த்து வியக்கின்றனர். ஆறு மாதம் கழித்துப் புல் மஞ்சளிக்கிறது, வெட்சி வெளுக்கிறது, ரோஜா கருகுகிறது, கிளிஞ்சல் மட்டும் நிலைத்து நிற்கிறது. வீட்டுக்காரர் தண்ணீரைக் குறை கூறுகிறார். உரக்கடைக்காரரைக் குறை கூறுகிறார். சில வேளைகளில் கண்ணேறு பட்டது என்றும் கூறுகிறார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மலேசியத் தமிழர்க்குத் தோட்டம் எனின் இரப்பர்த் தோட்டமே முதலில் நினைவுக்கு வரும். ஆதலின் வீட்டைச் சுற்றிய செடிகொடிகளின் இடத்தை முற்றம் எனக் குறிப்பதே இக்கட்டுரைக்குப் பொருந்தும். இவ்விருவகைத் தோட்டத்தையும் அறிந்த மூத்த தலைமுறை, மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்து இன்னது வளரும், இன்னது வளராது என்று சொல்ல வல்லதாக இருந்தது. பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் வாழ்ந்தோர் கடல்நீர் உட்புகாமல் தடுக்கும் வரம்பின் அருமையையும், உவர்மண்ணின் இயல்பையும் நன்கறிந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் இன்று விலைப்பட்டியலைப் பார்த்துச் செடி தேர்கின்றனர்.

கடற்காற்று எதனால் செடியைக் கொல்கிறது என்பதை அறிந்தால் பாதித் துன்பம் தீரும். அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. துளி இலைமேல் படிந்து, நீர் உலர்ந்து, உப்பு எஞ்சுகிறது. அவ்வுப்பு இலையின் ஓரத்தை முதலில் தீய்க்கிறது. மண்ணில் சேரும் உப்போ வேரின் வாயை அடைத்தாற்போல் செய்துவிடுகிறது. மண் ஈரமாக இருப்பினும் வேரால் அந்நீரை உறிஞ்ச இயலாது. நீர் நடுவே நின்று செடி நீர் வேட்கையால் வாடுகிறது. இதனை அறியாதவர் வாடிய செடிக்கு இரசாயன உரம் இடுகின்றனர். அவ்வுரமும் பெரும்பாலும் உப்பு வகையே. எரிகிற வீட்டில் நெய் ஊற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? மேலும் மணல் நிலம் நீரையும் சத்தையும் தங்கவிடாது. காலையில் இட்டது மாலைக்குள் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும்.

கடலோரத்துக்கென்றே அமைந்த செடிகளை நோக்குக. அவற்றின் இலை தடித்திருக்கும். மெழுகு பூசினாற்போல் பளபளக்கும். சிலவற்றில் மென்மயிர் மூடியிருக்கும். உப்புத் துளி அவற்றில் ஒட்டாது, ஒட்டினும் உட்செல்லாது. மாறாக, அகன்று மெல்லிய இலையுடைய எலிக்கோனியா வகைகளைக் கடல் நோக்கிய பக்கத்தில் நட்டால், வாழையிலையைப்போல் கிழிந்து தொங்குவதைக் காணலாம். அவை அழகியவை அல்ல என்பதன்று. வீட்டின் பின்புறத்தில், சுவரின் மறைவில் அவை நன்றாகவே வளரும். முன்வரிசை யாருக்கு, பின்வரிசை யாருக்கு என்பதே கடலோர முற்றத்தின் முதற்பாடம். அதனை விற்பனையாளர் சொல்வதில்லை. செத்த செடிக்கு மாற்றுச் செடி விற்பதில் அவருக்கு நட்டமில்லை.

புல்லையே எடுத்துக்கொள்வோம். இந்நாடுகளில் மிகுதியும் பதிக்கப்படும் மாட்டுப்புல் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, அகன்ற இலையுடையது, நிழலிலும் அமில மண்ணிலும் செழிப்பது, உப்பைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. அதற்கு மாற்று தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் சிக்லாப் என்றொரு மீனவக் கிராமம் இருந்தது. அவ்வூரின் பெயராலேயே சிக்லாப் புல் என்றொரு புல் வழங்குகிறது. ஊசிபோல் நுண்ணிய இலை; மெல்ல வளர்வது; உப்புக்காற்றையும் மணலையும் பொறுப்பது; அடிக்கடி வெட்ட வேண்டாதது. இந்நிலத்துக் கடற்கரையில் இயல்பாகவே வளர்வது. உள்ளூர்க் கடற்கரையின் பெயரையே தாங்கி நிற்கும் புல்லை விடுத்து, உள்நாட்டு மேட்டுப் புல்லைக் கொணர்ந்து கடலுக்கு எதிரே விரித்து, அது மாள்வதைக் கண்டு மனம் நோவானேன்? மெல்ல வளர்வது என்பதால் தொடக்கத்தில் களை பறிக்கும் வேலை மிகும் என்பது உண்மை. ஓராண்டு பொறுக்க இயலாதவர் புல்லே வளர்க்காமல் விடலாம்.

அழிக்கப்படும் கொடிகளுள் முதன்மையானது அடும்பு. ஊதா நிறங்கலந்த செம்மைப் பூ. தடித்த, நுனி பிளந்த இலை. மணல்மேல் பல மீட்டர் நீளம் ஓடி, கணுத்தோறும் வேரூன்றும் தண்டு. அப்பிளந்த இலையைக் கண்ட மலாய்க்காரர் அதனைக் குதிரையின் குளம்பாகக் கருதித் தாப்பாக் கூடா எனப் பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் பெயர் வைத்த மேலைநாட்டு அறிஞர்க்கு அது ஆட்டின் குளம்பாகத் தோன்றிற்று. குறுந்தொகைப் புலவர் ஒருவரோ மானின் அடியாகக் கண்டார். ஒரே இலை, மூன்று விலங்கு. இம்மூன்றையும் மாணவர் முன் வைத்து, அவ்விலையையும் கையில் கொடுத்து, எவ்வுவமை ஏற்றது என வாதிடச் செய்யும் ஆசிரியர் எத்தனை பேர்? உவமையணிக்கு இலக்கணம் எழுதிப்போடுவதைக் காட்டிலும் அஃது எளிது, செலவும் இல்லை.

அடும்பின் பயன் அழகோடு முடிவதன்று. அலையும் காற்றும் அள்ளிச் செல்லும் மணலை முதலில் பிடித்து நிறுத்துவது அக்கொடியே. அது பிடித்த மணலில்தான் பிற செடிகள் வேர்கொள்கின்றன. 'சுத்தம்' என்ற பெயரால் அதனை வாரி எரித்தவர் வீட்டின் முன்னே மணல் பறக்கத் தொடங்குகிறது; வாசற்படியில் மணல், சாளரத்தில் மணல், சோற்றில் மணல். தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, கொடியற்ற கரையைக் கரைத்துக்கொண்டு போவதைத் திரங்கானு மக்கள் நன்கறிவர். 1980களின் நடுவில் மலேசிய அரசு நாடு தழுவிய கடலரிப்பு ஆய்வொன்றை நடத்தியது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுள்ள கரையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது அதில் தெரியவந்தது. அவ்வரிப்புக்குத் துறைமுகக் கட்டுமானமும், மணல் அகழ்வும், சதுப்புநில அழிப்பும், இயற்கையும் காரணங்கள்; வீட்டுக்காரர் பிடுங்கிய கொடியை அவற்றோடு ஒப்பவைத்துக் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. ஆயினும் தம் வீட்டு முன்றிலில் நிற்கும் காவலை அவரே ஏன் வெளியேற்ற வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது.

இனிப் புன்னை. பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில், இன்று ஜார்ஜ்டவுன் நகரம் நிற்கும் இடத்துக்குப் பண்டு தஞ்சோங் பெனாகா என்பது பெயர். பெனாகா மரங்கள் நிறைந்த கடல்முனை என்பது அதன் பொருள். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியது அம்மரங்கள் நின்ற கரையில்தான். அப்பெனாகா மரம் எது? அதுவே தமிழர் புன்னை எனவும், நிகண்டுகளில் புன்னாகம் எனவும் வழங்கும் மரம். பெனாகா, புன்னாகம் என்னும் ஒலியொற்றுமையைக் கண்டவுடன் சிலர் மேடையேறி மலாய் மொழிக்கே தாய் தமிழ் என முழங்கத் தொடங்குவர். அது வேண்டா. மரம் ஒன்றே என்பது போதும். நற்றிணையைப் படித்தவன் பினாங்குக் கடற்கரையில் அயலான் அல்லன் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

நற்றிணையின் 172ஆம் பாடலை ஆசிரியர் பலரும் அறிவர். தோழியரோடு விளையாடிய தலைவி மணலில் அழுத்திவைத்து மறந்த புன்னை விதை முளைக்கிறது. அதனை நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கின்றனர். அன்னை அதனைத் தலைவியின் தங்கை என்கிறாள். பின்னர்த் தலைவனோடு அம்மரத்தடியில் நின்று நகைக்க அவளுக்கு நாணம் உண்டாகிறது. இப்பாடலின் உள்ளுறையும் நயமும் வகுப்பில் விரிவாகப் பேசப்படுகின்றன. அதிலுள்ள தோட்டக்கலை பேசப்படுவதில்லை. புன்னையின் விதை மணலில் முளைப்பது. உரமேறிய தோட்டமண் அதற்கு வேண்டுவதன்று. புலவர் கற்பனையாக அதனைச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். தங்கையாகக் கருதப்பட்ட அம்மரத்தைத் தேவையற்ற காட்டுமரம் என வெட்டிவிட்டு, மண்டபத்தில் நின்று அப்பாடலுக்கு உரை நிகழ்த்துவோரை என்னென்பது!

புன்னைக்கும் குறைகள் உள. அது விரைந்து வளராது. வளர்ந்தபின் பெருமரமாகும், இருபது அடி அகல முன்றிலையுடைய தொடர்வீட்டுக்கு அது ஏற்றதன்று. காயிலும் பட்டையிலும் வடியும் பால் கண்ணில் பட்டால் எரியும். உருண்டைக் காய்கள் நடைபாதையில் விழுந்து காலை வழுக்கச் செய்யும். ஆதலின் அது பள்ளித் திடலுக்கும், கோயில் வளாகத்துக்கும், பரந்த மனைக்கும் உரிய மரம். அதுபோலவே மலாய்க்காரர் கெத்தாப்பாங் என்று அழைக்கும் நாட்டு வாதுமை: தட்டுத்தட்டாகக் கிளை விரித்து நல்ல நிழல் தரும், இலைகள் சிவந்து உதிரும்போது ஒரு நாள் பெருக்காவிட்டாலும் முற்றம் மூடிப்போகும். சிறு மனைக்கு வேறு வழி உண்டு. அம்போங்-அம்போங் என்னும் குத்துச்செடி மார்பளவு உயரத்தில் வெட்டி வேலியாக நிறுத்தத் தக்கது. அதன் வெண்பூ ஒரு பாதியைப் பிய்த்தெறிந்தாற்போல் இருக்கும். கடலுக்கு நேர் எதிரே நட்டாலும் வாடாது. பூவரசை வேண்டிய அளவில் கவாத்து செய்து காக்கலாம். காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையில் செம்மையாகும் அதன் பூவை வகுப்பில் காட்டலாம். தாழை அழகியதே, ஆனால் அதன் மடலோரத்து முள் குழந்தைகள் ஓடியாடும் வழிக்கு ஆகாது. அரளியும் உப்பைத் தாங்கும் என்பதால் சிலர் அதனைப் பள்ளி வேலியாக நடுகின்றனர். இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சாகிய அச்செடியைச் சிறுவர் கூடும் இடத்தில் நடுவதை எவ்வகையாலும் ஏற்க இயலாது.

இவ்வாறு கூறியவுடன் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்: அப்படியாயின் அயல்நாட்டுச் செடி அனைத்தையும் பிடுங்கி எறிவோம்! அதுவும் பிழையே. பிறந்த நாட்டைக் கேட்டுச் செடியை மதிப்பிடுவது, பிறந்த குலத்தைக் கேட்டு மனிதனை மதிப்பிடுவதைப் போன்றது. கெம்போஜா மரத்தைத் தமிழ் அகராதிகள் ஈழத்தலரி எனக் குறிக்கின்றன. பெயரில் ஈழமும் கம்போஜமும் இருப்பினும் அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. உப்பையும் வறட்சியையும் அது நன்கு தாங்குகிறது. கடலோர முற்றத்துக்கு முற்றிலும் ஏற்றது. மலாய்க்காரர் இடுகாட்டில் நடும் மரம் என்பதால் வீட்டில் வைக்கக் கூசுவோர் உளர். அது மனத்தின் தடை, மண்ணின் தடையன்று. காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா தென்னமெரிக்காவுக்கு உரியது. அதுவும் கடற்காற்றில் தழைப்பது. ஆக, எங்கிருந்து வந்தது என்பதன்று கேள்வி. இங்கு நிற்குமா என்பதே கேள்வி. இந்நாட்டுத் தமிழர் இக்கேள்வியின் பொருளைத் தம் வரலாற்றாலேயே அறிந்தவர்கள்.

கிளிஞ்சலுக்கு வருவோம். அதன்மேல் தமிழர்க்குள்ள பற்று பழையது. சங்கு ஊதும் மரபும், சோழி உருட்டும் விளையாட்டும், கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை வெற்றிலையில் தடவும் வழக்கமும் தமிழர் வாழ்வோடு ஒட்டியவை. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூ பேராலயம் 1856க்கும் 1861க்கும் இடையே இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவருக்குப் பூசிய சாந்து மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர்பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடும் சர்க்கரையோடும் இடித்து, தேங்காய்மட்டை ஊறிய நீரைச் சேர்த்து, உலர்ந்தபின் பளிங்குபோல் தேய்த்துப் பளபளப்பேற்றினர். கிளிஞ்சலுக்கு அஃது உயர்ந்த பயன். அதனைச் செடியின் வேர்மேல் கொட்டுவது உயர்ந்த பயனன்று.

காரணம் மேற்கூறிய சுண்ணாம்பே. கிளிஞ்சல் என்பது சுண்ணாம்புக் கல்லின் மறுவடிவம். மழை பெய்யப் பெய்ய அது மெல்லக் கரைந்து மண்ணைக் காரமாக்குகிறது. கடற்கரை மணலில் உடைந்த சிப்பித் துகள் முன்பே கலந்திருப்பதால் அங்கு இயல்பாகவே காரம் மிகுதி. அதன்மேல் இன்னும் கிளிஞ்சல் பரப்பினால் என்னாகும்? கார மண்ணில் இரும்புச் சத்து வேரால் எடுக்கவியலாத வடிவில் பூட்டப்பட்டுவிடுகிறது. இலையின் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பரப்பு மஞ்சளித்துப்போவது அதன் அறிகுறி. அமில மண்ணை விரும்பும் வெட்சிக்கு இந்நோய் முதலில் வருகிறது. முற்றத்தின் மூலையில் இல்லத்தரசி ஆசையோடு வளர்க்கும் கறிவேப்பிலைக்கும் அதே கதி. குழம்புக்குத் தாளிக்கக் கொத்துக் கிடைக்கவில்லை என்று வருந்தும் வீட்டில், வாசலில் கிளிஞ்சல் வெள்ளைவெளேரெனச் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியர்க்குச் சுவையானதொரு செய்தி: தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார், நெய்தலுக்கு அன்று. கவிமரபு வேறு, மண்ணியல் வேறு. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்குதல் முறையாகாது. ஆயினும் மலைநாட்டோடு சேர்க்கப்பட்ட பூவைக் கொணர்ந்து கடற்கரைக் கிளிஞ்சலில் நட்டு, அது வெளுத்துப்போவதைக் காணும்போது, பழம்புலவர் இப்பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்த்திருப்பாரோ என எண்ணத் தோன்றுகிறது.

எல்லா மண்ணுக்கும் கிளிஞ்சல் பகை என்று கூறவும் இயலாது. உள்நாட்டுச் செம்மண் அமிலத்தன்மை மிக்கது. அதற்குச் சுண்ணாம்பு இடுவது நல்லுழவு. கடலை மேடாக்கிய நிலத்தில் உள்நாட்டு மண்ணைக் கொட்டியிருந்தால் அங்கும் கேடு குறைவு. சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் 1966 முதல் கடல் தூர்க்கப்பட்டது. ஒருகாலத்தில் வாசலில் அலை மோதிய காத்தோங், சிக்லாப் வீடுகள் இன்று கடலிலிருந்து விலகி உள்ளே நிற்கின்றன. அவ்வீட்டார் தம்மைக் கடலோரத்தார் என எண்ணிக்கொண்டு கடற்செடியே நட வேண்டிய கட்டாயம் இல்லை. கடலோரம் என்பது முகவரியில் இல்லை. காற்றிலும் மண்ணிலும் இருக்கிறது. மனை வாங்கியவர் செடி வாங்குமுன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் புளிக்காடி சில துளி விட்டுப் பார்க்கட்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி என அறியலாம்.

கிளிஞ்சலின் மற்றொரு குற்றம் உயிரோடு தொடர்புடையது. குழிந்த சிப்பி வாய் மேல்நோக்கிக் கிடந்தால் மழைநீர் அதில் தங்கும். ஏடிஸ் கொசு முட்டையிட இருபது காசு நாணய அளவு நீர் போதும் என்று சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் மக்களை எச்சரித்து வந்துள்ளது. வெயிலில் கிடக்கும் சிறு சிப்பி விரைவில் உலர்ந்துவிடும். ஆனால் புதர் நிழலில், மழைக்காலத்தில், அழகுக்காக ஆங்காங்கே வைத்த பெருஞ்சிப்பியிலும் சங்கிலும் நீர் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். முட்டை கொசுவாக அக்காலம் போதும். உலர்ந்த பிறகும் முட்டை மாதக்கணக்கில் கெடாதிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் மலேசியாவில் 1975 முதல் நடைமுறையில் உள்ளது. ஆய்வாளர் வந்து பழைய டயரையும் பூச்சாடித் தட்டையும் பார்ப்பார். வாசலில் பரப்பிய ஆயிரம் கிண்ணங்களை வீட்டுக்காரர்தாம் பார்க்க வேண்டும். நொறுக்கிப் பரப்பினால் இத்தொல்லை இல்லை என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும்.

வெண்ணிறம் வெயிலைத் திருப்பி எறிந்து, அருகிலுள்ள இலையின் அடிப்புறத்தையும் சாளரத்தின் வழியே கண்ணையும் தாக்குகிறது. இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நண்பகலில் ஒருமுறை நின்று பார்த்தவர் அறிவர். மணல் நிலத்துக்கு வேண்டுவது மக்கி உணவாகும் மூடாக்கு. உதிர்ந்த இலையும், தென்னை மட்டையும், தேங்காய்ச் சோறும் ஈரத்தைக் காத்து, காலப்போக்கில் மண்ணாகின்றன. கிளிஞ்சல் மக்குவதில்லை. உதிர்ந்த இலை அதன் இடுக்கில் சிக்கினால் பெருக்கவும் வாராது. பராமரிப்பு குறைவு என்று சொல்லி விற்கப்படும் பொருள், ஈராண்டில் பழுப்பேறிப் பாசி படிந்து, கழுவவும் மாட்டாமல் அள்ளவும் மாட்டாமல் கிடக்கிறது.

இக்கிளிஞ்சல் எங்கிருந்து வருகிறது என எவரும் கேட்பதில்லை. குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று பைபையாக அள்ளிவருவோர் உளர். கரையில் கிடக்கும் வெற்றுச் சங்கு வெற்றுப் பொருளன்று. மலாய்க்காரர் உமாங்-உமாங் என்றழைக்கும் நண்டுக்குத் தன் மெல்லுடலின் பின்பாகத்தை மறைக்க ஓடு கிடையாது. பிற உயிர் விட்டுச்சென்ற சங்கில் குடிபுகுந்தே அது வாழ்கிறது. உடல் வளர வளரப் பெரிய சங்கு தேடி வீடு மாறுகிறது. சங்கில்லாத கரையில் அந்நண்டு புட்டிமூடியையும் நெகிழிக் குப்பியையும் சுமந்து திரிகிறது. இருவருக்குமே வீட்டுப் பிரச்சினைதான்; ஆனால் ஒருவருக்கு அது கூரை, மற்றவருக்கு அது அலங்காரம். மேலும் சிப்பி அலையில் அரைந்து நாளடைவில் மணலாகிறது. கரைக்கு உரிய பொருளைக் கரையிலிருந்து எடுத்து, பின்னர்க் கரை தேய்கிறதே எனக் கடிதம் எழுதுவது முரண்.

கிளிஞ்சலே வேண்டும் எனப் பிடிவாதம் செய்வோர்க்கும் வழி இல்லாமல் இல்லை. பேராக், சிலாங்கூர், பினாங்கு மாநிலங்களின் சேற்றுக் கரைகளில் கெராங் என்னும் சிப்பி நெடுங்காலமாக வளர்த்து எடுக்கப்படுகிறது. சார் குவே தியாவில் உண்பது அதனைத்தான். உண்டபின் எஞ்சும் ஓடு குப்பையாகக் குவிகிறது. அதனை வாங்கி, சில மாதம் மழையில் போட்டு உப்பும் நாற்றமும் நீங்கியபின் நொறுக்கி, வாகனம் செல்லும் வழியிலும் நடைபாதையிலும் பரப்புக. செங்கல்லால் விளிம்பு கட்டி, செடியின் வேரிலிருந்து விலக்கி வைக்க. கரையைக் கொள்ளையிடாமலும் செடியை வதைக்காமலும் அழகு நிறைவேறும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று பினாங்கிலும் கெடாவிலும் ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 2005 முதல் மலேசிய அரசு கரையோரத்தில் அலையாத்தி மரங்களையும், மணற்கரைக்கு ஏற்ற சவுக்கு முதலிய மரங்களையும் நடும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு வரிசை மரம் பேரலையை நிறுத்திவிடும் எனக் கூறுவது மிகை. நாள்தோறும் வரும் சிற்றலைக்கும் காற்றுக்கும் அது காவல் என்பது மிகையன்று. அத்திட்டத்தில் நடப்பட்ட கன்றுகளுக்கு அரசிதழிலும் நாளிதழிலும் மலாய்ப் பெயரும் அறிவியற்பெயரும் எழுதப்பட்டன. அவற்றுள் பலவற்றுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பெயர் உண்டு என்பதை எடுத்துக்கூறும் வாய்ப்பு தமிழாசிரியர் கையில் இருந்தது, இன்னும் இருக்கிறது.

கடலுக்கு அண்மையில் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றில், வாசலில் பரப்பிய கிளிஞ்சலில் ஒரு பாத்தியளவை அள்ளி ஒதுக்கினால் இடம் போதும். புன்னைக் காய் நன்கு முதிர்ந்து தானே உதிர்ந்ததாக இருக்கவேண்டும். சதையை நீக்கி, ஓட்டை மெல்லத் தட்டி, உள்ளிருக்கும் பருப்பு சிதையாமல் எடுத்து, நிழலான இடத்தில் ஈர மணலில் பாதி புதையுமாறு வைக்கவேண்டும். ஓடு நீக்கிய விதை ஏறத்தாழ மூன்று வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு புதைத்தது இரண்டு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். மாணவர் இருவகையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு நாட்குறிப்பு எழுதட்டும். முளை கண்ட நாளில் நற்றிணையைத் திறக்கலாம். பால் வார்க்க வேண்டியதில்லை. காலையில் ஒரு குவளை நன்னீர் போதும்.